கண் திறக்காத பொம்மை

மார்ச் 2, ஞாயிறு

கீர்த்திக்கு இரண்டாவது பல் தெரிகிறது. எட்டு மாதம் ஆகப்போகிறது. காலையில் நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் முனையைக் கடித்து, நாற்பது பக்கத்தை ஈரமாக்கிவிட்டாள். எனக்குக் கோபமே வரவில்லை. புத்தகத்தை ஓரம் மடித்தவர்களிடம் பேச்சை நிறுத்தியவள் நான்.

வீட்டை ஒட்டியே பட்டறை. அங்கே ரம்பம் ஓடினால் தூங்குகிறாள், நின்றால் விழித்துக்கொள்கிறாள். இவருக்கு அதில் ஒரே பெருமை. "ஆசாரி வீட்டுப் புள்ளைல்ல" என்கிறார்.

ஜூன் 16 கல்லூரி திறக்கிறது, நான் மறுபடி பாடம் எடுக்கப் போகவேண்டும். அதற்குப் பிறகு பகலெல்லாம் அவள் இவரைப் பெற்றவர்களிடம், அத்தையிடமும் மாமாவிடமும்தான் இருப்பாள். நல்ல கைகள்தான். எனக்குத்தான் மனசு ஆகவில்லை.

மார்ச் 6, வியாழன்

தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமா பார்ப்போம்.

மதியம் அத்தை வெள்ளைப் பணியாரம் சுட்டார். ஆறினதில் மெத்தென்று ஒரு விள்ளல் எடுத்துக் கீர்த்திக்கு ஊட்டினார். நான் ஒரு அடி தள்ளி நின்றேன். சிரித்துக்கொண்டே வாங்கியவள் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டாள். அழவில்லை. இருமவில்லை. சத்தமே இல்லை. முகம் சிவந்து, பிறகு வேறு நிறமாக...

"பொரை ஏறிருச்சு. யாரோ நெனைக்காக" என்று அத்தை உச்சந்தலையில் தட்டினார், ஊதினார், வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். நான் என்ன செய்தேன்? பார்த்துக்கொண்டு நின்றேன். கையில் கரண்டியோட மரம் மாதிரி நின்னேன். எம் புள்ளை மூச்சு விடாம இருக்கா, நான் நிக்கிறேன்.

எப்படியோ வெளியே வந்து விழுந்தது. வீறிட்டு அழுதாள். இவ்வளவு இனிய சத்தத்தை நான் கேட்டதில்லை.

அத்தை, "தலையில தட்டினேன்ல, இறங்கிருச்சு" என்று அடுத்த பணியாரத்துக்கு மாவு ஊற்றப் போய்விட்டார்.

மார்ச் 7, வெள்ளி

இவரிடம் சொன்னேன். நான் நின்றதையும் சொன்னேன். கீர்த்தியை வாங்கி வெகுநேரம் தோளில் போட்டுக்கொண்டார்.

மார்ச் 11, செவ்வாய்

மூன்று நாளாக இதைப் பற்றியே படிக்கிறேன். எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனால் தலைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியுமா? அன்றைக்கும் ஏதாவது செய்யவேண்டும் என்று தலைக்குத் தெரியும், கைதான் அசையவில்லை.

அமராவதிபுதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை பெற்றோருக்கு முதலுதவிப் பயிற்சியாம். முன்பின் தெரியாத முப்பது பேருக்கு நடுவில் தரையில் மண்டிபோட்டு ஒரு பொம்மைக்கு மூச்சு ஊதவேண்டும். நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. பெயர் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

போய்வந்தேன்.

சொல்லிக்கொடுத்தவர் யோகலட்சுமி என்ற நர்ஸ். குள்ளமாக, கணீரென்று. "நீங்க மாவு பிசையல டீச்சர், உசுர மீட்கிறீக. அழுத்துங்க" என்று என் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். கூச்சம் போன இடம் தெரியவில்லை.

ஒரு வயதுக்கு உள்ளே என்றால், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் பிள்ளையைக் குப்புறப் போட்டு, தாடையைத் தாங்கி, தலை தாழ இருக்கும்படி பிடிக்கவேண்டும். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து அடி. வரவில்லை என்றால் மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. மறுபடி முதுகு. ஒருவர் 108-ஐக் கூப்பிடவேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தேடக்கூடாது, உள்ளே தள்ளிவிடும். பிள்ளை துவண்டு மூச்சும் இல்லை என்றால், முப்பது முறை நெஞ்சை அழுத்தி இரண்டு முறை ஊதி, ஆள் வரும்வரை விடாமல் செய்யவேண்டும்.

உச்சந்தலையில் தட்டுவதைப் பற்றிக் கேட்டேன். கூட்டமே சிரித்தது, எல்லார் வீட்டிலும் அதுதான் போல. அவர் சொன்னார்: "இருமுற புள்ளைக்கு நீங்க எங்க தட்டினாலும் சரியாயிரும், அது தானே இருமித் துப்பிரும். சத்தமே வராத புள்ளைக்குத்தான் நாம வேணும். அன்னைக்கும் தலையிலயே தட்டிக்கிட்டு இருப்போம்."

பேருந்தில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் இரண்டு விரலால் எண்ணிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் ஜெபம் என்று நினைத்திருப்பார்.

மார்ச் 17, திங்கள்

அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். "மூணு புள்ளைய வளத்திருக்கேன், ஒண்ணுக்கும் பரீட்சை எழுதல. காலேசுல பாடம் எடுக்கிறது பத்தாதுன்னு அடுப்படிக்கும் வந்துட்டா." குப்புறப் போட்டு அடிப்பதைக் கேட்டதும் முகமே மாறிவிட்டது. "பச்சப் புள்ளைய அடிக்கச் சொல்றியா?"

இவர் மட்டும் கேட்டார்: "எவ்வளவு ஆழம் அழுத்தணும்?"

நாலு சென்டிமீட்டர் என்றேன். காதிலிருந்த பென்சிலை எடுத்து ஒரு பலகைத் துண்டில் குறித்துக்கொண்டார்.

மார்ச் 24, திங்கள்

பட்டறையிலிருந்து பொம்மை வந்துவிட்டது, இவர் கையால் செய்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

தலை மலைவேம்பு மரம். உடம்பு, சோபாவுக்குப் போடும் நுரை. உள்ளே மணல் மூட்டை, கீர்த்தியின் எடைக்கு. நெஞ்சுக்குள் ஒரு ஸ்பிரிங், அதன் அடியில் அலமாரிக் கதவுக்குப் போடுகிற, அமுக்கினால் திறக்கும் பூட்டு. நாலு சென்டிமீட்டர் இறங்கினால்தான் 'டிக்' என்கிறது. அரை சென்டிமீட்டர் குறைந்தாலும் வாய் திறப்பதில்லை. வகுப்பில் இருந்த பொம்மையைவிடக் கறாரானது.

மூக்கு, வாய், காது, எல்லாம் இருக்கிறது. கண் மட்டும் இல்லை. கேட்டேன். மாமாதான் செதுக்கவிடவில்லையாம். மாமாவின் தகப்பனார் கோயில் வாகனங்கள் செய்தவர். கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள், திறந்துவிட்டால் அதற்கு உயிர் வந்துவிட்டதாகக் கணக்கு.

"கண்ணத் தொறந்துட்டா அதுவும் ஒரு புள்ளை ஆத்தா. அப்புறம் அதைப் போட்டு அடிப்பீகளா?" என்றார் மாமா. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

டிக் டிக் டிக். முப்பது. ஊது, ஊது. எனக்கு வருகிறது. இவருக்கும் வருகிறது. கீர்த்தி பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டுகிறாள்.

ஏப்ரல் 19, சனி

மாமா விழுந்துவிட்டார். அதாவது, பொம்மையிடம்.

ஸ்பிரிங் இறுக்கம் என்று மகனோடு சண்டை போட வந்தவர், நிரூபிக்கிறேன் என்று அழுத்தினார். டிக். அவருக்கே ஆச்சரியம். பிறகு அத்தையைப் பார்த்து, "ஒனக்கெல்லாம் இது சத்தம் குடுக்காது. பணியாரம் ஊத்துற கைதான அது."

அத்தை பொம்மையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது.

ஏப்ரல் 23, புதன்

துணி காயப்போட மாடிக்குப் போய்த் திரும்பினேன். கூடத்திலிருந்து டிக், டிக். எட்டிப் பார்க்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "இருவத்தெட்டு, இருவத்தொம்பது..." அத்தையின் குரல். பிறகு பொம்மையிடம் மெதுவாக, "கோச்சுக்கிறாதடா."

மே 4, ஞாயிறு

இப்போது அத்தைதான் மாமாவின் கையைத் திருத்துகிறார். "தலை தாழட்டும்ங்க. தூக்கி வச்சா அது எங்குட்டுப் போகும்?" ஆனாலும் முதுகில் அடிப்பதை மட்டும் மெதுவாகவே செய்கிறார். பொம்மைக்கே வலிக்கும் என்பதுபோல. சொல்லிப் பார்த்தேன். "நெசம்னா கை தானா ஓங்கும், நீ சும்மா இரு" என்றார்.

ஓங்குமா? அந்த ஒரு கேள்விதான் எனக்கு மிச்சம்.

ஜூன் 16, திங்கள்

முதல் நாள். கீர்த்தி வாசலில் கையாட்டினாள். அழுதது நான்.

ஜூன் 25, புதன்

மூன்றாவது வகுப்பு முடித்து வந்து பார்த்தால் இவரிடமிருந்து ஏழு அழைப்பு. எட்டாவதை எடுத்தேன். "கீர்த்தி நல்லாருக்கா" என்றுதான் ஆரம்பித்தார். அதற்காக இந்த மனிதரை ஆயுள் முழுக்க நேசிக்கலாம்.

வீட்டுக்கு வந்தால் அவள் அத்தை மடியில் உட்கார்ந்து ஒரு டம்ளரைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். மாமா முகம் கொடுக்கவில்லை. நுங்கு வாங்கி வந்து, மசிக்காமல் ஒரு சுளையில் பாதியை வாயில் வைத்தது அவர். வழுக்கிக்கொண்டு போய் அடைத்துவிட்டது.

அத்தை சொன்னார்: "இருமல. கண்ணு மட்டும் பெருசா முழிக்கிறா. அன்னைக்குப் பணியாரத்துக்கு முழிச்சாளே, அதே முழி. இவுக கை நேரா உச்சந்தலைக்குத்தான் போச்சு. அந்தக் கையத் தட்டிவிட்டேன். போன் போடுங்கன்னு கத்திட்டு, குப்புறப் போட்டு... நாலு. நாலாவதுக்கு அந்தா, அங்குட்டு போய் விழுந்துச்சு."

"ஓங்கி அடிச்சீங்களா அத்தை?"

"முதுகு செவக்க அடிச்சேன்" என்றவர் அப்போதுதான் அழுதார். "எம் பேத்திய நான் அடிச்சேன் சந்திரா."

அவரைக் கட்டிக்கொண்டேன். கல்யாணமாகி நாலு வருடத்தில் முதல் முறை. இருவருக்கும் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நடுவில் மாட்டிய கீர்த்தி டம்ளரால் என் மண்டையில் ஒன்று போட்டாள்.

ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டே வந்திருந்தார்கள். நெஞ்சில் ஒன்றுமில்லை, மூச்சு சுத்தம் என்று டாக்டர் சொன்னாராம்.

ஜூன் 26, வியாழன்

மாமா காலையிலிருந்து பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார். சாப்பிட வரவில்லை.

ஜூன் 27, வெள்ளி

குளித்து, நெற்றி நிறைய திருநீறு பூசி, பொம்மையைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தார் மாமா. இரண்டு கண்கள். கீர்த்தியின் கண்கள்தான், அந்த இடது இமைச் சரிவுகூட அப்படியே. "வேலை செஞ்சுருச்சு. இனி யாரும் இதை அடிக்கக் கூடாது" என்றார். அத்தை மையெடுத்து அதன் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தார்.

ஜூலை 6, ஞாயிறு

கீர்த்திக்கு ஒரு வயது. வெள்ளைப் பணியாரம், அவளுக்கு மட்டும் பாலில் கரைத்து. ஒரு வயது ஆனால் முதலுதவி முறை கொஞ்சம் மாறும். யோகலட்சுமியிடம் அடுத்த வகுப்புக்கு மூன்று பெயர் கொடுத்திருக்கிறேன். அத்தை பெயரை முதலில் எழுதச் சொன்னார்.

கண் திறந்தது அலமாரியில் கீர்த்தியின் சட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பட்டறையில் ரம்பம் ஓடுகிறது, பிறந்தநாள்காரி தூங்குகிறாள். தெருவில் கேட்டவர்களுக்காக மூன்று புதுப் பொம்மைகள் வரிசையாகக் காய்கின்றன, கண் இல்லாமல்.