குதிரைக்கு அட்டை கிடையாது

காஞ்சிபுரம்
25-2-72, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகன் முனிசாமிக்கு அம்மா எழுதுவது. காமாட்சி தயவில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம், பிலாயில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் அப்படியே இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் எனக்குத் தூக்கம். அந்த ஊர்க் குளிர் இன்னும் விடவில்லை என்கிறாயே, ஷிப்டு முடிந்து வரும்போது காதைக் கட்டிக்கொண்டு வா, சின்ன வயதில் உனக்குச் சீழ் வடிந்தது இடது காது.

அன்றைக்கு நம் வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். கிருஷ்ணவேணியைப் பெண் பார்க்க வந்த செவிலிமேடு தர்மன், அவர் சம்சாரம் தையல்நாயகி, பையன் குமரவேல். நம் பக்கம் உன் தம்பி ராமலிங்கம், அவன் சம்சாரம் வடிவு, அவர்கள் பெண் கிருஷ்ணவேணி, உன் அத்தை பூவம்மாள், நான். மொத்தம் எட்டுப் பேர், ஒன்பதாவது ஆள் கிடையாது. தெருவே கூடி நின்று சிரித்தது என்று பூவம்மாள் உனக்கு எழுதியிருக்கிறாள் போல, அது பொய். அவள் பாதியில் கோபித்துக்கொண்டு எழுந்து போனவள், மீதியை யாரிடமோ கேட்டு எழுதியிருக்கிறாள். உன் அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று நம் பித்தளைத் தவலையைத் தலையில் வைத்துக்கொண்டு போனவள்தானே, இருபத்துமூன்று வருஷமாகிறது, இன்னும் அதில்தான் வெந்நீர் போடுகிறாள்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. எழுத்துக் கூட்டி மூன்று தடவை படித்தேன். தம்பி சூதாடி, பெண்ணின் கல்யாணத்தையே குதிரை மேல் வைத்தவன், அந்தக் கல்யாணத்துக்கு வரமாட்டேன், பத்திரிகையில் என் பெயரைப் போடாதே என்று எழுதியிருக்கிறாய். அதை ராமலிங்கத்திடம் நான் காட்டவில்லை, அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

அவன் கிண்டி ரேஸுக்குப் போக ஆரம்பித்தது போன வருஷம் பொங்கலுக்கு. ஜரிகைக் கடைக்காரர் வேடிக்கை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார், ஐந்து ரூபாய் கட்டினான், பதினெட்டு வந்தது. மற்றவனாக இருந்தால் அடுத்த வாரம் பதினெட்டையும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருப்பான். இவன் ஒரு கட்டத்தாள் நோட்டு வாங்கி வந்தான். ஒரு குதிரைக்கு ஒரு வரி, ஒரு ஓட்டத்துக்கு ஒரு கட்டம், முதல் மூன்றில் வந்தால் கட்டத்தை நிரப்புவான், வராவிட்டால் வெற்றுக் கட்டம். அந்தப் பருவம் முழுக்க வேடிக்கை பார்த்து எழுதினானே தவிர ஒரு காசு கட்டவில்லை. இந்த ஐப்பசியில்தான், தறியில் பூவும் மாங்காயும் விழுவதற்கு ஓட்டை போட்டு அட்டை அடிக்கிற வேலையை நிறுத்திவிட்டு, இனி இதுதான் என் தொழில் என்றான். நான் பேசாத பேச்சு இல்லை. அந்தப் பணத்தில் வாங்கிய அரிசியை இரண்டு மாதம் தொடவில்லை, என் வெற்றிலைக் காசில் கேழ்வரகு வாங்கிக் கஞ்சி காய்ச்சிக் குடித்தேன்.

ஆனால் அவனைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். நோட்டின் முதல் பக்கத்தில் ஐந்து விதி எழுதியிருந்தான். ஒரு நாளைக்கு இரண்டு ஓட்டத்துக்கு மேல் கட்டுவதில்லை, கையிலிருக்கும் முதல் பணத்தில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் ஒரு குதிரைக்குக் கிடையாது, முதல் மூன்றில் வந்தால் பணம் தருகிற பிளேஸ் சீட்டு மட்டும்தான், விட்டதை அன்றைக்கே பிடிக்கப் போவதில்லை, அடுத்தவர் பணத்தைத் தொடுவதில்லை. மழை பெய்தால் போன பஸ் காசு போகட்டும் என்று சும்மா உட்கார்ந்துவிட்டு வருவான். ஜெயித்த நாளும் தோற்ற நாளும் ஒரே முகத்தோடு வந்து கால் கழுவுவான். அம்மா, நானு ஆடறதுக்குப் போவல, வேலைக்குப் போறேன், தறிக்காரன் ஒரு இழை அறுந்ததுக்கு அழுதுக்கினா இருப்பான் என்பான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் வடிவு கையில் மாதத்துக்கு ஏறக்குறைய நூறு ரூபாய் வந்தது, அட்டை அடித்து வந்ததைவிடப் பத்துப் பதினைந்து குறைவுதான். மார்கழியில் நானும் அந்த அரிசியைச் சாப்பிட்டேன்.

தையில் ஒரு வியாழக்கிழமை அவர்கள் வந்தார்கள். நம் வழக்கம் உனக்குத் தெரியும், பெண் வீட்டில் கை நனைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம், மனசில்லை என்றால் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள். வடிவு கேசரியும் வடையும் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். யாரும் தொடவில்லை. மாப்பிள்ளைப் பையன் மட்டும் வடையை இரண்டு தடவை பார்த்தான், நல்ல பசி போலிருக்கிறது. தர்மன் சாதாரணமாகத்தான் கேட்டார், இப்ப யார் தறிக்கு அட்டை அடிக்கிறீங்க என்று. யார் பெயரையாவது சொல்லியிருக்கலாம். உன் தம்பி, அட்டை வேலைய வுட்டுட்டங்க, ரேஸுக்குப் போறேன், அதான் தொழிலு என்றான். தையல்நாயகி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பூவம்மாள், அடப்பாவி, பொண்ணுக்குப் பூ வைக்க வந்தவங்க கிட்ட பேசற பேச்சா இது, அண்ணி வளர்த்த லட்சணம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் ராமலிங்கம் நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தான். திருட்டுத்தனமா இருந்தா மறைப்பேன், இது அப்படி இல்லீங்க, நீங்களே பாருங்க என்றான். தர்மன் நாலு தறி வைத்திருப்பவர், புடவை டிசைன் வரைகிற கட்டத்தாளைப் படிக்கத் தெரிந்த கண். பக்கம் பக்கமாகப் புரட்டினார். கால் மணி நேரம் ஆனது. முடித்துவிட்டு, ஏமே தையலு, நீயும் எடுத்துக்கோ என்று சொல்லி கேசரியில் கை வைத்தார். வடிவு அடுப்படிக்கு ஓடிப்போய் அழுதாள். பையன் மூன்று வடை சாப்பிட்டான்.

அதோடு எழுந்து போயிருந்தால் இந்தக் கடிதமே வேண்டாம். கையைத் துடைத்துக்கொண்டு தர்மன் நோட்டில் ஒரு வரியைக் காட்டினார். கோல்டன் டஸ்ட் என்று ஒரு குதிரை. நிரம்பின கட்டம் ஒன்று, வெற்றுக் கட்டம் மூன்று, மறுபடி ஒன்று, மறுபடி மூன்று, அப்படியே நாலு சுற்று. புடவைக் கரையில் மாங்காய் உருவம் விழுவது போல. சம்பந்தி, மூணு காலி முடிஞ்சிப்போச்சு, வர்ற சனிக்கிழமை இங்க விழுந்தே ஆவணும், பச்சப் புள்ளைக்கும் தெரியுதே என்றார். ராமலிங்கம் சிரித்தான். அட்டையைக் கோத்துத் தறி மேல ஏத்தினா ஒரு சுத்து முடிஞ்சி அதே மாங்கா விழுவும், குதிரைக்கு அட்டை கிடையாதுங்க, நான் இந்த நோட்டை வெச்சிக்கினு எதைத் தொடக்கூடாதுன்னுதான் பாக்கறேன், எது வரும்னு பாக்கறதில்ல என்றான். தர்மன் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து இருநூறு ரூபாய் எடுத்து நீட்டி, அந்தக் குதிரை ஜெயிக்கும் என்று மொத்தத்தையும் கட்டச் சொன்னார். அடுத்தவர் பணத்தைத் தொடுவதில்லை என்று இவன் சொன்னதும் அவர் முகம் கறுத்துப்போனது. கை நனைச்சப்புறமும் நானு அடுத்தவன்தானா என்றார்.

அப்போது நான் வாயைத் திறந்தேன். நானும் அந்தத் தாளை எட்டிப் பார்த்திருந்தேன் முனிசாமி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கட்டத்தாளில் அடுத்தது எங்கே விழும் என்று பார்த்துப் பார்த்துப் பழகின கண் எனக்கும். அந்த வெற்றுக் கட்டத்தில் மாங்காய் உட்கார்ந்திருப்பது போலவே தெரிந்தது. வாங்கிக்கடா, சம்பந்தி மனசு நோவக் கூடாது, விழற இடந்தானே அது என்றேன். அவன் என்னைப் பார்த்தான். வேணாம்மா என்றான். நான் இன்னொரு தடவை சொன்னேன். வாங்கிக்கொண்டான்.

சனிக்கிழமை அந்தக் குதிரை ஐந்தாவதாக வந்தது. தன் பணமாக இருந்தால் எழுதிவிட்டு எழுந்து வந்திருப்பான். சம்பந்தியின் பணம், பெண்ணின் கல்யாணம், வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பது என்று அடுத்த மூன்று ஓட்டத்தில் தன் முதல் பணம் அறுநூற்று நாற்பது ரூபாயையும் ஒவ்வொன்றாகக் கட்டினான். பஸ் காசு மிச்சம். வந்ததும் கால் கழுவவில்லை, நேராக என் எதிரில் உட்கார்ந்து, அஞ்சும் போச்சும்மா என்றான். பணத்தைச் சொல்கிறான் என்று நினைத்தேன். விதியைச் சொன்னான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் செவிலிமேட்டுக்கு நடந்தே போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தான். தர்மன் அன்றைக்குச் சாயங்காலமே வந்தார். குதிரையைக் காட்டினவன் நானு, கேசரி துன்னவனும் நானு, ரெண்டையும் திருப்பித் தர முடியாது, கல்யாணம் நிக்காது என்றார். பணத்துக்குப் பதில் அவர் தறிக்கு ஒரு செட் அட்டை அடித்துக் கொடு போதும் என்றார். இவன் பத்து நாளாக அதைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறான், கிருஷ்ணவேணிக்கு அவர் நெய்கிற முகூர்த்தப் புடவைக்கான அட்டை அது, மாங்காய்க் கரை. நோட்டில் மீதியிருந்த தாளைக் கிழித்து என்னிடம் கொடுத்துவிட்டான், அதில்தான் உனக்கு எழுதுகிறேன், கட்டத்தைப் பார்த்துக் கோபப்படாதே.

அந்தத் தொழில் நிலைத்திருக்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாதப்பா. அடுத்த மாதமே கவிழ்ந்திருந்தாலும் கவிழ்ந்திருக்கும். ஆனால் அவனாகக் கவிழவில்லை. சூதாடி என்று எழுதியிருக்கிறாயே, எட்டுப் பேர் இருந்த வீட்டில் அன்றைக்குச் சூதாடாதவன் அவன் ஒருவன்தான்.

கல்யாணம் வைகாசி இருபத்திரண்டு. பெரியப்பா இல்லாமல் தாரை வார்க்க மாட்டேன் என்று தம்பி சொல்லிக்கொண்டிருக்கிறான், உன் கடிதத்தைப் பற்றித் தெரியாமல். கருட சேவைக் கூட்டத்துக்கு முன்னால் வந்துவிடு, அப்புறம் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது. பத்திரிகையில் உன் பெயரைப் போடச் சொல்லிவிட்டேன். நீயும் மருமகளும் குழந்தைகளும் குறைவில்லாமல் இருக்கவேண்டும், காமாட்சி கோயில் குங்குமம் உள்ளே மடித்து வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது கொட்டிவிடாதே.

நான் எதையும் மறக்கிறவள் இல்லை, மன்னிக்கிறவளும் இல்லை என்று உனக்குத் தெரியும். தர்மனை மன்னித்துவிட்டேன், வாசல் தேடி வந்தார். பூவம்மாளையும் மன்னித்தேன், தவலையோடு சேர்த்து. ஒருத்தியை மட்டும் மன்னிக்கவில்லை, இருக்கும்வரை மன்னிக்கவும் மாட்டேன். தம்பி மேல் வைத்திருக்கும் கோபத்தை எடுத்து அவள் மேல் வைத்துவிட்டுக் கல்யாணத்துக்கு வா. அவள் பெயரைக் கீழே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ரேணுகாம்பாள்