வேண்டாம் என்று நான் போட்ட டிக்

மூத்தவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. உன் சௌக்கியத்தை விசாரிக்கவும் இன்றைக்கு எனக்கு மனசில்லை. போனில் பேசினால் நீ அழுதுவிடுவாய், நான் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன், அதனால்தான் கடிதம். முழுக்கப் படி.

சின்னவளுக்கு வருகிற செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று உறுதியாகிவிட்டது. குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டதற்கு, உன் சித்தி நாற்பத்தொரு வயதில் போனதைச் சொல்லிவிட்டு, "எங்க அக்கா இதைத்தான் ஆராய்ச்சி பண்றா டாக்டர், பரம்பரையா வர்ற புற்றுநோய்" என்று அவளுக்குப் பெருமை வேறு. அவர் கம்ப்யூட்டரில் உன் கட்டுரையைத் தேடி எடுத்தார். அதில் வம்ச விருட்சம் போல ஒரு படம், ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்கு வட்டம், பெயர் இல்லை, வயது மட்டும். நாற்பத்தொன்று என்று எழுதிக் குறுக்கே கோடு போட்ட வட்டம் என் கூடப் பிறந்தவள் என்று எனக்குத் தெரியாதா. சில வட்டங்களின் நடுவில் புள்ளி. என்ன அது என்று கேட்டேன். "பழுதான ஜீன் இவங்ககிட்ட இருக்கு, நோய் இன்னும் வரலைன்னு அர்த்தம்மா" என்றார். என் வட்டத்தில் புள்ளி, சின்னவள் வட்டத்தில் புள்ளி, உன் மாமா மகள் வட்டத்திலும். கட்டுரை வந்து இரண்டு வருடமாகிறது.

அந்த இரண்டு வருடமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணினாய். சாப்பிட்டாயா, முட்டி வலி எப்படி, சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றதா. குழாயைப் பற்றி அத்தனை கேட்டவளுக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. போன வாரம் கேட்டால், "நீதானம்மா ஃபாரத்துல வேண்டாம்னு டிக் போட்டே, அப்படிப் போட்டவங்ககிட்ட சொல்லக் கூடாதுங்கிறது விதி" என்கிறாய். ஆமாம், போட்டேன். நீ லீவில் வந்து கூடத்தில் எங்கள் பதினொரு பேரையும் உட்கார வைத்து ரத்தம் எடுத்தபோது, கண்ணாடியைக் காணோம் என்று ஆளாளுக்கு முனகியதால் நான்தான் எல்லா ஃபாரத்தையும் நிரப்பிக் கையெழுத்து மட்டும் வாங்கினேன். முடிவைத் தெரிவிக்க வேண்டுமா என்று ஒரு கேள்வி. அதெல்லாம் வெளியாட்களுக்கு, நம் பெண் வாயாலேயே சொல்லிவிடுவாள், ஆபீஸ் கடிதம் வந்து யாராவது பிரித்துப் பார்ப்பானேன் என்று பதினொன்றிலும் வேண்டாம் என்று போட்டேன். அந்தப் பாவம் என்னுடையது, நான் சுமக்கிறேன். ஆனால் அப்போது பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சு வெட்டிக்கொண்டிருந்தவள் நீ. அம்மா, யோசித்துப் போடு என்று ஒரு வார்த்தை சொல்ல உன் படிப்பில் இடமில்லையா.

அப்பா உன் கட்சி. "சொல்லியிருந்தா அவ வேலையே போயிருக்கும்டி, குழந்தையைத் திட்டாதே" என்கிறார். முப்பத்தாறு வயதுக் குழந்தை. சித்திக்காகத்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன் என்று மேடையில் பேசி விருது வாங்கினாயே, அந்தப் போட்டோவை ஷோகேஸிலிருந்து எடுத்துப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன். சின்னவள் உன்னை ஒரு சொல் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு வருடம் முன்பே ஸ்கேன் பார்க்கத் தொடங்கியிருந்தால் கட்டியைச் சின்னதிலேயே பிடித்திருக்கலாம் என்றார் டாக்டர். அவளிடம் அதை நான் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். மாமா மகள் வீட்டுக்கு நானே போய் விஷயத்தைச் சொன்னேன். என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை, ஆனால் மறுநாளே ஸ்கேனுக்குப் போனாள். எந்த விதியும் என்னை ஒன்றும் செய்துவிடவில்லை.

நேற்று அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். சின்னவளுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம், அதனுள் கேள்விக்குறி. டாக்டரிடம் கேட்டேன், "இவங்க ரத்தமே கொடுக்கலம்மா" என்றார். எங்கள் பதினொரு பேரையும் குத்திய நீ உன் கையை மட்டும் நீட்டவில்லை. ஏன் என்று பெற்றவளுக்குத் தெரியும். பயம். எங்களிடம் வாய் திறக்காததற்கும் அதுதான் காரணம், விதி அதற்கு வசதியாகப் போயிற்று. அந்தப் பயத்துக்காக உன்னை மன்னிக்க இப்போது என்னால் முடியாது. ஆனால் இது கைக்குக் கிடைத்த அன்றே போய் ரத்தம் கொடு. முடிவு எதுவானாலும் முதல் போன் எனக்கு வர வேண்டும், எந்த நேரமானாலும் எடுப்பேன். நூறு வயது இரு. ஆசீர்வாதமாக எடுத்துக்கொள்ளாவிட்டால் உத்தரவாக எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா