குண்டனுக்கு முடி வளரும்வரை

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் குண்டனும் சௌக்கியமாகத்தான் இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். உன் நாய் குண்டனை வண்டியேற்றி உன்னிடம் அனுப்பிவைக்கச் சொன்னாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம், போனில் இதையெல்லாம் என்னால் சொல்லி முடிக்க முடியாது.

அவனுக்கு இப்போது முடி உதிரும் காலம், வீடெல்லாம் பஞ்சு பறக்கிறது. முன்னறையில் அப்பாவின் தையல் மெஷினையும் விட்டுவைக்கவில்லை. தைக்கக் கொடுத்திருந்த கறுப்புக் கோட்டை வாங்கிப் போட்டுப் பார்த்த வாத்தியார் ஒருவர், "நான் துணி மட்டுந்தானே குடுத்தேன், கம்பளியும் வெச்சுத் தச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார், அப்பாவுக்கு மானமே போய்விட்டது. நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே சாயங்காலம் பின்வாசலில் உட்காரவைத்து, நீளமான மேல்முடியைக் கையால் ஒதுக்கிப் பிடித்து, அடியில் இருக்கும் மெத்து முடியைத் தோல்வரைக்கும் சீவுகிறேன். சிக்கு எடுத்த பிறகுதான் குளியல், இல்லாவிட்டால் நனைந்து முடிச்சு இறுகிவிடுகிறது. காதுக்குப் பின்னால் மட்டும் என் கையை அண்டவிடுவதில்லை, உறுமுகிறான். நீ சீவினால் மட்டும் இந்தத் துரை கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார்.

நீ அனுப்பச் சொன்ன மறுநாள் அப்பா என்ன செய்தார் தெரியுமா, சிக்கு எடுக்கிறேன் பேர்வழி என்று துணி வெட்டும் கத்தரியை எடுத்து, முதுகில் ஒரு தட்டு அளவுக்கு ஒட்ட வெட்டிவிட்டார். நான் பதறிப்போய் நாய்களுக்கு முடி திருத்தும் அந்தப் பெண்ணைக் கூட்டிவந்தேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "இது ரெண்டடுக்கு முடிம்மா, வெயிலுக்கும் குளிருக்கும் அவனுக்கு இதுதான் காப்பு. வளர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் தூரப் பயணமெல்லாம் வேணாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அப்பா கத்தரியைத் துடைத்து மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டார். அவர் முகத்தில் வருத்தம் இருந்ததா என்று மட்டும் என்னிடம் கேட்காதே. இத்தனை வருஷத்தில் ஒரு ஜாக்கெட் துணியைக்கூட அளவு தப்பி வெட்டாத மனுஷனுக்கு அன்றைக்குப் பார்த்துக் கை தவறியிருக்கிறது. நானும் துருவிக் கேட்கவில்லை. மிச்சத் துணியில் அவனுக்கு ஒரு சட்டை தைத்துப் போட்டிருக்கிறார், அதை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி தெருவில் திரிகிறான்.

வெட்டிய இடத்தில் அடிமுடி இப்போது முளைத்துவிட்டது. அது வளர வளர நான் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன், வளர்ந்ததும் அவனை அனுப்ப வேண்டுமே. போன் எடுத்ததும் "குண்டன் சாப்பிட்டானா?" என்றுதான் நீ ஆரம்பிப்பாய், அவன் கதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டுத்தான் எங்களிடம் வருவாய். அதில் எனக்குக் கோபமே இல்லை கண்ணு, அந்தச் சாக்கிலாவது உன் குரலைக் கேட்கிறோமே. அவனும் போய்விட்டால் இந்த வீட்டுக்கு நீ எதற்குப் போன் செய்வாய், எதற்கு வருவாய் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. தரமாட்டேன் என்று சொல்லவில்லை, அவன் உன் பிள்ளை. யாரோ வண்டிக்காரரிடம் ஒப்படைக்க மட்டும் சொல்லாதே. நீயே வந்து கூட்டிக்கொண்டு போ.

உனக்கும் அடர்த்தியான முடி, ஈரத்தலையோடு படுத்துவிடாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். எப்போது வருகிறாய் என்பதை மட்டும் மறக்காமல் எழுது, தேதி தெரிந்துவிட்டால் காத்திருப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்காது.

உன் வழியைப் பார்த்திருக்கும்,
அம்மா