நின்றுபோன ரோதையும் உங்கள் முகமும்

இன்று வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் தேயிலை ஃபாக்டரியில் மெஷினை ஓட்டும் முன் சூடம் கொளுத்துவார்கள். அந்த வாசம் குன்னூர்ப் பனியோடு ஏறி எங்கள் சமையலறை வரைக்கும் வந்துவிடும். வந்த நேரத்தில்தான் ஃபோன் அடித்தது. நம்மோடு பறந்த பழைய தோழி, நீங்கள் இறந்துபோய்விட்டீர்கள் என்றாள். பாவம் என்று வேறு சொன்னாள். எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. உங்களை நீங்கள் என்று எழுதுவதுகூட மரியாதையால் அல்ல, பழக்கத்தால்.

விமானப் பணிப்பெண்ணாக நான் சேர்ந்த புதிதில் நீங்கள்தான் எனக்கு மேலே. என் கொங்குப் பேச்சைப் பயணிகள் முன்னாலேயே நடித்துக் காட்டிச் சிரிப்பீர்கள். வேலையில் ஓயாமல் ஒன்று சொல்வீர்கள்: "பயத்தை மூஞ்சில காட்டாத. அவங்க எஞ்சினைப் பாக்க மாட்டாங்க, உன் மூஞ்சியத்தான் பாப்பாங்க." சரியான பேச்சுதான். அதைச் சொன்ன ஆள்தான் சரியில்லை.

கொழும்பிலிருந்து திருச்சிக்கு வந்த அந்தப் பகல் நேரம் உங்களுக்குக் கடைசி வரை நினைவிருந்ததா, தெரியவில்லை. தாயகம் திரும்பும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் கப்பலில் வந்துகொண்டிருந்த காலம். அவர்களில் ஒருவர் கருப்பையா. அவர் மனைவிக்குக் கால் முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்ததால், அவர்களுக்கு மட்டும் தோட்டத்துத் துரை விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்திருந்தார். கூடலூர்ப் பக்கம் ஒரு ஃபாக்டரியில் அவருக்கு வேலை காத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும் என்று ஏறும்போதே என்னிடம் சொன்னார்.

கடலுக்கு மேலே வலப்பக்க எஞ்சின் இருமியது. அந்தப் பக்கத்துக் காற்றாடி மெல்லச் சுழன்று நின்றேவிட்டது. ஒற்றை எஞ்சினில் இறங்கப் போகிறோம், பயணிகளைத் தயார் செய்யுங்கள் என்று கேப்டன் சொன்னார். நீங்கள் வாசலோரத்து மடக்கு இருக்கையில், பயணிகளைப் பார்த்தபடி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டீர்கள். அவ்வளவுதான். வாய் திறந்து கிடந்தது, கண் ஓரிடத்தில் நின்றுவிட்டது. கூப்பிட்டேன், அசையவில்லை. மூக்குக்கண்ணாடி, பேனா, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி, குனிந்து உட்காரச் சொல்லிக்கொடுத்து, கட்டுப் போட்ட காலை மடக்க முடியாத அந்த அம்மாவுக்குத் தலையணைகளை முட்டுக் கொடுத்தது நான் ஒருத்தி.

அப்போதுதான் கருப்பையா பித்தளைத் தட்டில் சூடத்தை வைத்துத் தீப்பெட்டியை எடுத்தார். சக்கரத்தை ரோதை என்பார்கள் அவர்கள். ஃபாக்டரிச் சக்கரத்துக்குக் காவலாக ரோதமுனி என்று ஒரு சாமி. சக்கரம் நின்றால் முனிக்குச் சூடம் காட்டாமல் யாரும் கை வைக்க மாட்டார்களாம். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"ஏனுங்கண்ணா, இங்க நெருப்பு ஆகாதுங்க. எறங்குன பொறகு நானே பத்த வெக்கறனுங்க."

"சரிங்கம்மா" என்று உடனே தீப்பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டார். ஒரு குச்சிகூட உரசவில்லை.

பத்திரமாக இறங்கினோம். சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் உங்களுக்கு உயிர் வந்தது. நீங்கள் உறைந்து கிடந்ததைப் பயணிகள் அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். அதை மறைக்க உங்களுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. இந்த ஆள் விமானத்துக்குத் தீ வைக்கப் பார்த்தான், நான்தான் தடுத்தேன் என்று போலீஸிடம் சொன்னீர்கள். கடல்மேல் வரும்போது முன்வரிசையில் சிகரெட் பிடித்துக்கொண்டு வந்தவருக்கு ஆஷ்ட்ரே நீட்டிய அதே கையை நீட்டி, கருப்பையாவைக் காட்டினீர்கள். அவர் பற்ற வைக்கவே இல்லை என்று நான் கத்தினேன். "புதுப் பொண்ணு, பயந்துபோயிருக்கா" என்றீர்கள். உங்களைத்தான் நம்பினார்கள். அந்த அம்மா கட்டுப் போட்ட காலை நீட்டியபடி பெஞ்சில் உட்கார்ந்து, அவரைக் கூட்டிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமை அவர் லாக்கப்பில் இருந்தார்.

பல வருஷம் கழித்து தேவர்சோலைக் கடைவீதியில் அவரைப் பார்த்தேன். தலையில் விறகுக்கட்டு. என்னை அடையாளம் கண்டு சிரித்தார். சொன்ன சொல் பாக்கி இருக்கிறதே என்று கடையில் சூடம் வாங்கி நீட்டினேன்.

"எந்த ரோதைக்கும்மா காட்டுறது? நான் இப்ப வெறகுதானே வெட்டுறேன்."

விறகுக்கட்டை இறக்கி வைத்தார். பிறகு சொன்னார்.

"ரோதை நின்னதுக்கு நான் பயப்படலம்மா. நம்ம தேயில இஸ்டோருல தெனம் நிக்கும். எதுத்தாப்புல உக்காந்திருந்த அந்தத் தொரசாணி மூஞ்சியப் பாத்தேன். அதப் பாத்துத்தான் சூடத்த எடுத்தேன்."

அன்றிலிருந்து உங்கள் மேல் எனக்கு இருந்த கோபம் இரண்டு மடங்கானது. இன்றும் குறையவில்லை, செத்துப்போனதற்காகக் குறைத்துக்கொள்ளவும் மாட்டேன்.

ஃபோனை வைத்தபோது என் வீட்டுக்காரர் எதிரே காப்பி குடித்துக்கொண்டிருந்தார். "யாரு?" என்றார். "கூட வேல பாத்தவங்க ஒருத்தர் போயிட்டாங்களாமா" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தில் எதுவும் தெரியவில்லை போலிருக்கிறது, மறுபடி காப்பியை எடுத்துக்கொண்டார். நீங்கள் கொடுத்ததில் என்னிடம் மிச்சமிருப்பது எதையும் காட்டாத அந்த முகம் ஒன்றுதான். உங்களுக்கு வராதது எனக்கு வந்துவிட்டது.