கொல்லர் பட்டறையில் எழுந்த கைதட்டல்

அன்பு மகளே,

உன் நலத்தையே நாளும் நாடும் அப்பா எழுதுவது. தொலைபேசியில் பேசினால் என் அச்சத்தைக் குரலே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே மின்னஞ்சலில் எழுதுகிறேன். முதலில் இதைப் படித்துக்கொள்: அம்மா கண்விழித்துவிட்டாள், பேசுகிறாள்.

நேற்று இருவரும் ஓர் அருங்காட்சியகத்துக்குச் சென்றோம். வெட்டவெளியில் பழங்காலச் சிற்றூர் ஒன்றை அப்படியே எழுப்பியிருக்கிறார்கள். ஊழியர்கள் அக்கால உடையில் கொல்லராகவும் தச்சராகவும் வாழ்ந்து காட்டுகிறார்கள். எதைக் கேட்டாலும் அக்காலத்தவராகவே விடை சொல்கிறார்கள். உன் அம்மாவின் வாய் சும்மா இருக்குமா? "அண்ணே, போன் சார்ஜ் போட பிளக் எங்க இருக்கு?" என்று கொல்லரைச் சீண்டினாள். அவர் இமைக்காமல், "அப்படியொரு பண்டம் எங்கள் சந்தைக்கு வந்ததில்லை, தாயே" என்றார். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உலையருகே சரிந்தாள்.

"ஓடி வாருங்கள்! என் துணைவியின் உயிரைக் காத்திடுங்கள்!" என்று கதறினேன். நாற்பது ஆண்டுகள் மேடையில் முழங்கிய நாக்கு, மகளே, வேறெப்படி வரும்? கூட்டம் வட்டமாய்ச் சூழ்ந்தது. கைப்பேசிகள் உயர்ந்தன. "அழறதுகூட நிஜம் மாதிரியே இருக்குல்ல?" என்று ஒருத்தி தன் கணவனிடம் வியந்தாள். கை தட்டினார்கள். கொல்லரும் என்னைப் பார்வையாளர் வேடத்தில் புதிதாய்ச் சேர்ந்த நடிகர் என்றே எண்ணி, "வைத்தியரை அழைத்து வருகிறேன், ஐயா" என்று வணங்கிப் போனார். அவர் பின்னால் வைத்தியர் வேடமிட்டவர் மூலிகைக் கட்டோடு ஆடி அசைந்து வந்தார். அம்மாவின் உதடுகள் நீலம் பாரித்தன. கைதட்டலைக் கேட்டு நான் நடுங்கியது அப்போதுதான்.

கொல்லரின் சட்டையைப் பிடித்து, "யோவ், நடிப்பு இல்லய்யா! ஆம்புலன்ஸக் கூப்பிடுய்யா!" என்று அலறினேன். அவர் முகம் வெளுத்தது. "ஐயையோ, சார்!" என்று சம்மட்டியை எறிந்துவிட்டு, இடுப்புத் துணிக்குள்ளிருந்து போனை உருவினார்.

அம்மாவை நம் ஊர்ப் பெரிய மருத்துவமனையில் சேர்த்திருக்கிறேன். நாளை மறுநாள் இதய அறுவை மருத்துவம். "பயப்பட ஒண்ணுமில்ல சார்" என்கிறார் மருத்துவர். அதைச் சொல்லும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை.

அம்மாவோ, "அவளுக்கு எழுதித் தொலைக்காதீங்க. புது வேலை, லீவு கேட்டா என்ன நினைப்பாங்க? உங்களுக்கு எதையும் ஊருக்கே முழங்கணும்" என்று திட்டினாள். தலையாட்டி வைத்தேன். பிறகு நான் உறங்குவதாக எண்ணிக்கொண்டு, "சிஸ்டர், தூரத்துலருந்து வர்றவங்கள எந்நேரமும் உள்ள விடுவீங்களா?" என்று செவிலியிடம் மெல்லக் கேட்டாள்.

இதையெல்லாம் நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. விடுப்புக் கிடைத்தது, வந்தேன் என்று சொல்லி அவள் கட்டிலருகே நில். வழியெல்லாம் உனக்கு நலமே நிகழட்டும், மகளே. நாளைக்குள் வந்துவிடு.

அப்பா