கனவு ரிஜிஸ்டரின் வலது பக்கம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. நீ இதை நம்பவில்லை என்று தெரிந்ததால் எழுதுகிறேன். நீயும் மருமகளும் குழந்தையும் சுகம்தானே?

போனில் பேசலாமே என்பாய். போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீ பத்து வரி சொல்லி முடித்துவிடுகிறாய். போன ஞாயிற்றுக்கிழமையும் அதே கதைதான். லீவு போட்டாச்சு, பதினாலாம் தேதி வரேன், வீட்டைப் பூட்டிட்டு என்கூடக் கிளம்பு, இங்கே மனநல டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேன், அதுக்குள்ளே அந்த நோட்டைக் கிழிச்சுப் போடு என்று ஒரே மூச்சில் சொன்னாய். நான் ம் கொட்டியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனை வைத்துவிட்டாய். இப்போது என் பதிலைக் கேட்டுக்கொள். மாட்டேன். நோட்டைக் கிழிக்க மாட்டேன். வீட்டைப் பூட்டவும் மாட்டேன்.

சின்னவளைத் திட்டாதே. போர்வை மாற்ற வந்தவள் தலையணைக்கு அடியில் நோட்டைப் பார்த்திருக்கிறாள், பிரித்திருக்கிறாள், பயந்து போய் உனக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். உன் தங்கை சின்ன வயதிலிருந்தே கரப்பான் பூச்சியைப் பார்த்தால்கூட உன்னைத்தானே கூப்பிடுவாள்.

அந்தப் படத்தில் இருந்தது நான் எழுதி வைத்த ஒரு கனவு, வரிசை எண் 206. நான் செத்துவிட்டேன், கூடத்தில் கிடத்தியிருக்கிறார்கள், எல்லோரும் அழுகிறார்கள், நான் எழுந்து போய் டீ போட்டுக் குடித்தேன், மிகவும் நிம்மதி. இதைப் படித்தால் எந்தப் பிள்ளையும் பதறிப் போகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவள் எடுத்தது இடது பக்கத்தை மட்டும்.

உன் அம்மா ஆஸ்பத்திரி லேபில் இருபத்தொன்பது வருஷம் ரிஜிஸ்டர் எழுதியவள். இடது பக்கத்தில் தேதி, நேரம், வரிசை எண், என்ன வந்தது. வலது பக்கத்தில் ரிசல்ட். இடது பக்கத்தில் சொந்த அபிப்பிராயம் ஒரு சொல் எழுதினாலும் எங்கள் சீஃப் டெக்னீஷியனின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். எனக்கு வேறு விதமாக நோட்டு எழுதத் தெரியாது. கனவையும் அப்படித்தான் எழுதினேன். விழித்ததும், எழுந்திருக்காமல், யாரிடமும் வாய் திறக்காமல் எழுதிவிட வேண்டும். பல் தேய்த்தால் பாதி போய்விடும். பால்காரரோடு பேசினால் மீதியும் போய்விடும்.

இதை ஏன் ஆரம்பித்தேன் என்று நீ கேட்கவே இல்லை. சொல்கிறேன். உன் அப்பா போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம், சார் கனவுல வந்தாரா என்றே கேட்டார்கள். வந்தார், வாசலில் நின்று சிரித்தார் என்று உன் அத்தையிடம் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது பச்சைப் பொய். அந்தப் பொய் உறுத்தியதால்தான், எப்போது வருகிறார் பார்ப்போம் என்று ரிஜிஸ்டர் போட்டேன். படுக்கும்போது கடவுளிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் படுப்பேன். பதில் வந்த நாளும் உண்டு, முட்டைக்கோஸ் வந்த நாளும் உண்டு. இத்தனை வருஷம் அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தேனே தவிர, அவர் பேச இடம் கொடுத்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வலது பக்கத்தை ஆறு மாதம் காலியாகவே விட்டேன். ஒரே ஒரு டெஸ்ட்டை வைத்து யாரும் முடிவு சொல்வதில்லை. பிறகு ஒரு நாள் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். அப்பா ஒரு தடவைகூட வரவில்லை. அவருடைய கறுப்பு ஷூ வந்தது. முப்பத்தோரு தடவை. கப்பலில் போகிற கனவிலும் கதவோரம் அந்த ஷூ. என் கல்யாணக் கனவிலும் கதவோரம் அந்த ஷூ. அதைப் பார்த்ததும் நான் நுனிக்காலில் நடக்க ஆரம்பித்துவிடுகிறேன்.

உனக்கு நினைவிருக்கும். ஷூ வாசலில் இருந்தால் அப்பா வீட்டில் இருக்கிறார். ரேடியோவை நிறுத்த வேண்டும், தண்ணீரைக்கூடச் சத்தமில்லாமல் பிடிக்க வேண்டும். ஊரே கையெடுத்துக் கும்பிட்ட கணக்கு வாத்தியார். வெளியே ஒருவரிடமும் குரலை உயர்த்த மாட்டார். கோபத்தை எல்லாம் சேர்த்து வைத்து வீட்டுக்குக் கொண்டு வருவார். என் கெண்டைக்கால் வலிக்கு வைத்தியம் பார்த்த பெண், நீங்க டான்ஸ் ஆடுவீங்களாம்மா, எப்பவும் குதிகால் தூக்கியே நடக்கிறீங்களே என்றாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல? முப்பத்து நாலு வருஷம் ஆடினேன் என்றா?

எண் 143-இல் அந்த ஷூவைக் கையில் எடுத்து வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். கனவில்தான். விடிந்ததும் எழுதி முடித்தேன், அலமாரியிலிருந்து நிஜ ஷூவை எடுத்தேன், வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன். அப்பாவின் ஷூவையே கொடுத்துவிட்டாள், அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று சின்னவள் உன்னிடம் அழுதாளாமே? ஆமாம், ஆகிவிட்டது. அன்றிலிருந்து இந்த வீட்டில் குதிகால் ஊன்றி நடக்கிறேன். கீழ் வீட்டுக்காரி மேலே வந்து, என்ன அக்கா, ஆள் வந்திருக்காங்களா, தொம் தொம்முனு சத்தம் கேக்குதே என்றாள். நான்தான் வந்திருக்கேன் என்றேன். இந்த வீட்டையா பூட்டிவிட்டு வரச் சொல்கிறாய்?

206-க்கு வலது பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறேன் தெரியுமா? செத்தது நான் இல்லை, நுனிக்காலில் நடந்தவள். அவ்வளவுதான். அவளுக்காக அழுகிறவர்கள் அழட்டும் என்று விட்டுவிட்டு டீ குடித்தேன். இது பைத்தியம் என்றால், எனக்கு இந்தப் பைத்தியம் தெளிய வேண்டாம்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இரண்டு நாளாக எழுதி எழுதி அடிக்கிறேன். போன மாதம் மருமகள் பேச்சுவாக்கில், இவர் இன்னமும் தூக்கத்துல கத்துறார் அத்தை, குழந்தை பயந்து முழிச்சுக்கிறான் என்று சொன்னாள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நீ ஏழு வயதில் தினமும் கத்தினாய். நான் ஓடி வந்து உன் வாயைப் பொத்தினேன். அப்பா எழுந்துவிடக் கூடாதே என்று பொத்தினேன். என் உள்ளங்கையில் நீ மூச்சுத் திணறினது இன்னும் என் கையில் இருக்கிறது. என்னடா பார்த்தாய் என்று ஒரு நாளாவது கேட்டேனா? கேட்கவில்லை. நீ என்ன பார்த்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. அது என் தப்பு. அப்பா தலையில் போட மாட்டேன்.

டாக்டரிடம் வாங்கிய நேரத்தை ரத்து செய்யாதே. அந்த நேரத்துக்கு நீ போ. இதை உன்னைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை, மனசு பொறுக்காமல் சொல்கிறேன்.

பதினாலாம் தேதி கட்டாயம் வா. என்னைக் கூட்டிப்போக அல்ல, நாலு நாள் இருந்துவிட்டுப் போக. எந்தச் செருப்போடு வேண்டுமானாலும் வா, எங்கே வேண்டுமானாலும் கழற்றிப் போடு. உனக்கும் ஒரு ரிஜிஸ்டர் வாங்கி வைத்திருக்கிறேன். இடது பக்கத்தை மட்டும் எழுது. வலது பக்கத்துக்கு அவசரமில்லை. எழுத வரவில்லை என்றால் கத்து. எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் கத்து. நான் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன பார்த்தாய் என்று கேட்கிறேன். இந்தத் தடவை என் கை என் மடியில்தான் இருக்கும்.

நன்றாகத் தூங்கு, கண்ணா.

உன்
அம்மா