இரண்டு மணிச் சங்கு

டீச்சர்,

நேற்று மதியம் சிவப்பு ரிப்பனை ஜன்னல் கம்பியில் கட்டும்போது அது என் கையிலேயே இரண்டாகக் கிழிந்தது. உங்கள் மகளின் பழைய ரிப்பன். துவைத்துத் துவைத்துச் செங்கல் நிறமாகியிருந்தது. போன மாதம் நீங்கள் இறந்த செய்தி வந்தபோதுகூட நான் அழவில்லை. கிழிந்த துண்டுகளை முடிச்சுப் போடும்போதுதான் அழுதேன்.

தங்கச் சுரங்கத்து ஊரான சாம்பியன் ரீப்ஸில் உங்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது என் செல்விக்கு ஆறு வயது. பேச்சு கிடையாது. பெங்களூர் டாக்டர் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்த சீட்டைப் பள்ளியில் யாரும் மதிக்கவில்லை. தினமும் ஒரு பிள்ளையின் கையைக் கடித்துவைப்பாள். ஹெட்மிஸ்ட்ரஸ் என்னை வராந்தாவிலேயே காவலுக்கு உட்கார வைத்தார். "இன்னொரு கடி, டிசி குடுத்துடுவேன்" என்றார். மற்றத் தாய்மார்களுக்கு வேறு பயம். புருஷன்மார் பூமிக்கடியில் இருக்கும் நேரத்தில் இவள் அலறினால் கீழே ஏதோ நடக்கப்போகிறது என்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் நானும் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

எல்லோரும் "இன்னா கொழந்த இது?" என்று கேட்டபோது நீங்கள் ஒருவர்தான், "கடிக்கறதுக்கு முன்னாடி இன்னா நடந்துச்சு?" என்று கேட்டீர்கள். ஒரு வாரம் நோட்டில் குறித்தீர்கள். எல்லாக் கடியும் இரண்டு மணிக்கு, ஷிப்ட் சங்கு ஊதும்போது. என் வீட்டுக்காரர் கேஜ் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கும் நேரமும் அதுதான். எனக்கும் அந்தச் சத்தம் ஆகாது. ஆனால் மாமியாரைத் தவிர யாரையும் கடிக்கத் தோன்றியதில்லை.

அதன் பிறகு ஒன்றே முக்காலுக்கு ஜன்னலில் ரிப்பன் ஏறும். செல்வி உங்கள் மேசைக்கடியில் போய்க் காதைப் பொத்திக்கொள்வாள். சங்கு ஓய்ந்ததும் ரிப்பனை அவிழ்ப்பீர்கள். அவள் வெளியே வந்து ஒரு பிடி பொரி வாங்கிக்கொள்வாள். இரண்டு மாதம் ஒரு கடி இல்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். வேலை, குவார்ட்டர்ஸ், கோர்ட்டு என்று ஊரே எல்லாவற்றையும் பேசியது. சங்கு நின்றுவிடும் என்று யாருக்கும் தோன்றவில்லை, உங்களுக்கும் எனக்கும்கூட.

அன்றும் ரிப்பன் ஏறியது. மணி இரண்டானது. ஒன்றும் கேட்கவில்லை. வகுப்பே தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தது. நீங்கள் ரிப்பனை அவிழ்த்தீர்கள். செல்வி ஓடிவந்து அதை மறுபடி கம்பியில் சுற்றிவிட்டு மேசைக்கடியில் போனாள். இரண்டே காலுக்கு நெற்றியை மேசைக்காலில் மோத ஆரம்பித்தாள். பிடிக்கப்போன என் தோளைக் கடித்தாள். வாசலில் ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து நின்றார். அவ்வளவுதான், பள்ளிக்கூடம் முடிந்தது என்று நினைத்தேன்.

குரலை உயர்த்தியே நாங்கள் கேட்டிராத நீங்கள், இரு கைகளையும் வாயருகே குவித்து "ஊ..." என்று ஊதினீர்கள். அடியிலிருந்து ஏறி, நின்று, மெல்ல இறங்கும் அதே சங்கு. ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. செல்வி காதிலிருந்து கையை எடுத்தாள். வந்து பொரிக்கு உள்ளங்கையை நீட்டினாள். ஹெட்மிஸ்ட்ரஸின் புருஷனும் சுரங்கத்து ஆள்தான். அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். டிசி பேச்சு அதோடு நின்றது.

நான் உங்கள் காலில் விழப்போனேன். நீங்கள் விலகிக்கொண்டீர்கள். "சந்தோஷப்படாதீங்க செல்விம்மா. நாளைக்கும் கேப்பா. நிறுத்த முடியாத ஒண்ண ஆரம்பிச்சிட்டனோன்னு பயமா கீது." தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்றீர்கள். குறைத்த அன்றெல்லாம் அவள் தலையை மோதிக்கொண்டாள். மாற்றலாகிப் போகும்போது ரிப்பனை என் கையில் கொடுத்தீர்கள்.

அன்றிலிருந்து நான்தான் சங்கு. செல்விக்கு முப்பது தாண்டிவிட்டது. சுரங்கத் தூசி என் வீட்டுக்காரர் நெஞ்சைத் தின்றுவிட்டது, படுத்த படுக்கை. ஊத நான் ஒருத்திதான், எனக்கும் மூச்சிழுப்பு. நேற்று முடிச்சுப் போட்ட ரிப்பனைக் கட்டி ஊதினேன். பாதியில் மூச்சு நின்றது. மறுபடி ஊதினேன், மறுபடி நின்றது. அவள் காதிலிருந்து கையை எடுத்தபோது மணி நாலரை. நெற்றியில் ரத்தம்.

உங்கள் மேல் கோபம் இல்லை டீச்சர். நீங்கள் அன்று ஊதாவிட்டால் என் பெண் தன் பெயரை எழுதக் கற்றிருக்க மாட்டாள். ஆனால் உங்களிடம் கேட்க ஒன்று வைத்திருந்தேன், நீங்கள் முந்திக்கொண்டீர்கள். எனக்கப்புறம் யார் ஊதுவது?

மணி ஒன்றே முக்கால் ஆகப்போகிறது. செல்வி ரிப்பனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே நிற்கிறாள்.